எதிர் வீட்டை நாங்கள் மன்னித்த கதை

எதிர் வீட்டிலிருந்து மாதா எங்கள் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் லிஃப்டில் ஒன்பதாவது மாடிக்கு ஏறி, அங்கே ஒரு நாள் தங்கி, பிறகு இறங்கி வர வேண்டும். இரண்டு வாசலுக்கும் நடுவே இருந்தது ஒரு நடைபாதை மட்டும்தான். எங்கள் கம்பிக் கதவைத் திறந்துகொண்டு அம்மா கொஞ்சம் எக்கினால் அவர்கள் கதவில் காயும் துண்டை எடுத்துவிடலாம். ஆனாலும் மாதா சுற்றித்தான் வந்தார்.

அக்டோபர் ஜெபமாலை மாதம். ஜார்ஜ்டவுனில் நாங்கள் இருந்த பிளாட்டில் தமிழ்க் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்து அன்பியம் என்ற ஜெபக் குழு ஒன்றை நடத்தின. அந்த மாதத்தில் மாதா சுரூபம், அதாவது மாதா சிலை, நாளுக்கு ஒரு வீட்டில் தங்கும். அதற்கு ஒரு முறை உண்டு. முதல் நாள் வைத்திருந்த வீட்டார் தங்கள் கையாலேயே சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டாரின் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் நழுவ முடியாது. அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து, ஜெபமாலை சொல்லி, அவர்கள் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஆகவே பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீடுகள் அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொள்வது அன்பியத் தலைவரின் வாயால் சொல்லப்படாத கடமை. எங்களுக்கும் எதிர் வீட்டுக்கும் நடுவே ஒன்பதாவது மாடி நர்ஸ் ஆன்ட்டியைச் செருகி வைத்திருந்தார்கள். பாவம், அந்த ஆன்ட்டி தன் வீட்டுக்கு மாதா வருவது தன் பக்திக்காக என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

எதிர் வீட்டோடு என்ன சண்டை என்று பத்து வயதில் என்னைக் கேட்டிருந்தால் தயங்காமல் சொல்லியிருப்பேன். எதிர் வீட்டு ஸ்டீவன் அண்ணன் என் அண்ணனைத் தைப்பூசம் பார்க்கலாம் என்று மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், தண்ணீர்மலைச் சாலையில் நின்றிருந்த லாரியில் மோதி, கொல்லப் பார்த்தார். மாதா புண்ணியத்தில் என் அண்ணன் முழங்கைச் சிராய்ப்போடு பிழைத்தான். ஸ்டீவன் அண்ணனுக்குத் தொடை எலும்பு நொறுங்கியது. அது கடவுள் கொடுத்த தண்டனை. அந்த முகத்தில் விழிக்கக்கூடாது என்பதற்காகத்தான் என் அண்ணனை சுங்கை பாக்காப் மாமா வீட்டுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். அவன் இல்லாத வீட்டில் நான் தனியாகக் கிடந்து ஏங்கியதற்கும் காரணம் எதிர் வீடுதான்.

உண்மை வேறு. அது எனக்குப் பதினெட்டு வயதில், பட்டர்வொர்த்திலிருந்து திரும்பும் ஃபெரியில் அண்ணன் வாயாலேயே தெரிந்தது. உங்களை அதுவரை காக்க வைப்பது நியாயமில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். மோட்டார் ஸ்டீவன் அண்ணனுடையது. ஆனால் அன்று ஓட்டியது என் அண்ணன். பதினாறு வயது, லைசென்ஸ் இல்லை, கெஞ்சிக் கூத்தாடிச் சாவியை வாங்கியிருக்கிறான். தகவல் கேட்டு ஓடிய அப்பா, ஸ்டீவன் அண்ணன் நினைவில்லாமல் அறுவை மேசையில் கிடந்த நேரத்தில், வண்டிக்குச் சொந்தக்காரன்தான் ஓட்டினான் என்று போலீஸிடம் சொல்லிவிட்டார். போலீஸார் என் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் ஆமென்று தலையை ஆட்டினான். அவ்வளவுதான். காலும் போய், கோர்ட்டுக்கும் அலைந்து, பிறை என்ற ஊரில் கிடைத்திருந்த தொழிற்சாலை வேலையையும் இழந்தார் ஸ்டீவன் அண்ணன். ஷிப்டு முழுக்க நின்று பார்க்கும் வேலை அது. ஒரு கால் குட்டையாகிப்போனவனை அதற்கு யார் எடுப்பார்கள்?

கண் விழித்ததும் அவர் தன் அப்பாவிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அந்த அங்கிளும் என் அப்பாவும் ஒரே காரில் வருடக்கணக்காகப் பாலம் தாண்டி வேலைக்குப் போய்வந்தவர்கள். அவர் எங்கள் வாசலில் வந்து நின்று கேட்டபோது, "மயக்கத்துல புள்ளைக்கு ஞாபகம் கொழம்பியிருக்கும்" என்றாராம் அப்பா. மறுநாளிலிருந்து அப்பா தொழிற்சாலை பஸ்ஸில் போக ஆரம்பித்தார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று ஃபெரியில் அண்ணனைக் கேட்டேன்.

"தெரியும். ஆனா மறந்துட்டாங்க" என்றான் அவன், கடலைப் பார்த்துக்கொண்டு.

மறந்தது மட்டுமல்ல, அம்மா கோபப்படவும் கற்றுக்கொண்டிருந்தார். தவறு செய்தவர்கள் வீட்டில்தான் கோபம் குறையாமல் எரியும் என்பதை நான் எங்கள் வீட்டில் பார்த்தேன், பார்க்கிறேன் என்று தெரியாமலேயே. எதிர்க் கதவு திறந்தால் எங்கள் கதவு சாத்தப்படும். அங்கே மீன் வறுத்தால் இங்கே ஊதுவத்தி. எதிர் வீட்டு ஆன்ட்டி பசாரில் எந்தக் கடையில் நிற்கிறார் என்று பார்த்து அம்மா வேறு கடைக்குப் போவார். நானும் என் பங்குக்குக் குறை வைக்கவில்லை. ஸ்டீவன் அண்ணனின் தங்கை ஜெசிந்தா என் வயது, என்னோடு புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியவள். அவளுக்குப் பக்கத்தில் உட்காருவதை விட்டேன். வீடு துடைத்த தண்ணீரை அவர்கள் வாசல் பக்கமாகத் தள்ளிவிட்டேன். அதற்கு அம்மா திட்டியதாக நினைவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் எங்கள் குடும்ப ஜெபம் ஒரு நாளும் தவறவில்லை. அதன் முடிவில் அம்மா ஒரு வேண்டுதலைச் சேர்ப்பார்.

"ஆண்டவரே, எங்களுக்குத் தீங்கு செஞ்சவங்கள மன்னிச்சிடுங்க. அவங்களுக்கு நல்ல புத்தியக் குடுங்க."

நான் உரக்க ஆமென் சொல்வேன். அப்பாவுக்கு மட்டும் சரியாக அந்த நேரத்தில் இருமல் வந்துவிடும்.

எனக்குப் பத்து வயதான அந்த வருடம் அன்பியத்துக்குப் புதுத் தலைவி வந்தார். ஈப்போவிலிருந்து குடிவந்து சில மாதங்களே ஆனவர், சுறுசுறுப்பானவர், எங்கள் பிளாட்டின் பழைய கதைகள் எதுவும் அறியாதவர். எல்லாருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று கதவு எண்ணைப் பார்த்து வரிசை போட்டுவிட்டார். எதிர் வீடு, அதற்கு அடுத்து நாங்கள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் அதை வாசித்தார். எல்லாருக்கும் புரிந்தது. ஆனால் மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று சொன்னால் ஒரு அன்பியத்துக்குள் இப்படியா என்று கேட்பார். அந்த வெட்கக்கேட்டை யார் வாயால் சொல்வது?

"இனிமே யாரும் ஏறி எறங்க வேணாம். ஈஸிலா" என்று அவர் மகிழ்ச்சியோடு சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பையைத் தூக்கி நாற்காலியில் எறிந்தார். "அன்னைக்கு நாம சுங்கை பாக்காப் போறோம். வீட்டைப் பூட்டிடுங்க."

"மாதா வர்ற அன்னைக்கு வீட்டைப் பூட்டுவாங்களா யாராவது?" என்றார் அப்பா.

"மாதா வரட்டும். அவங்க எதுக்கு வரணும்?"

"மாதா தானா நடந்து வருவாங்களா?"

பதில் இல்லாதபோது அம்மா சமைப்பார். அந்த நாள் வந்தபோது காலையிலிருந்தே வீட்டில் புகையும் நெடியும்தான். மீஹூன் கோரேங், கொண்டைக்கடலை, கேசரி, கறி பாப்ஸ். முதல் நாள் எதிர் வீட்டில் மீஹூனும் சுண்டலும் மட்டும் என்று நர்ஸ் ஆன்ட்டி வழியாகத் தகவல் வந்திருந்தது. நாங்கள் யாரும் அங்கே போகவில்லை. "சாப்பிடட்டும். சாப்பிட்டுப் பார்க்கட்டும்" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே கேசரியில் முந்திரியை அள்ளிப் போட்டார். எதிரியைச் சாப்பாட்டால் அடிப்பது என்று ஒன்று உண்டானால் அம்மா அன்று அதற்குத் தயாராகத்தான் இருந்தார். அப்பா வேலைக்கு லீவு எடுத்திருந்தார். குளித்துவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டார். சிறிது நேரத்தில் அதையும் கழற்றிவிட்டு வேறொன்று போட்டுக்கொண்டார்.

இருட்டியதும் நடைபாதையில் மெழுகுவத்திகள் ஏற்றப்பட்டன. அன்பியத்தார் சுவரோரமாக நெருக்கியடித்து நின்று பாட்டைத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி வழக்கம்போல ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் எங்கள் வாசலில் பூத்தட்டோடு நின்றேன். மாதா வரும்போது இதழ் தூவுவது என் வேலை.

எதிர்க் கதவு திறந்தது. முதலில் ஜெசிந்தா மெழுகுவத்தியோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் அந்த அங்கிள் சுரூபத்தோடு வருவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். வந்தது ஸ்டீவன் அண்ணன்.

சுரூபம் கனமானது. அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்ததால் அவரால் சுவரைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மாதாவின் கிரீடமும் கூடவே சாய்ந்தது. அவர் அந்த நடைபாதையைக் கடப்பதற்குள் பாட்டு முடிந்துபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அவர் ஒரு வாரமாக அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஹாலில் நடந்து பழகினார் என்று பிற்காலத்தில் ஜெசிந்தா எனக்குச் சொன்னாள். அவர்கள் அம்மா அவரிடம், நீ போகாதே, உன்னை அந்த வாசலில் நிறுத்தி அவமானப்படுத்துவார்கள் என்று அழுதிருக்கிறார். "தெனமும் மணி உருட்டி மன்னிக்கிறோம் மன்னிக்கிறோம்னு சொல்றோம். எதிர்ல இருக்கிற வீட்டுக்குப் போக முடியலன்னா அதெல்லாம் என்னாத்துக்குமா?" என்றாராம் ஸ்டீவன் அண்ணன்.

அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. எனக்கு எரிச்சலாக இருந்தது. வேண்டுமென்றே காலைக் காட்டுகிறார் என்று நினைத்தேன். இதழ்களை அவர் மேல் படாமல் மாதாவின் மேல் மட்டும் விழும்படி தூவப் பார்த்தேன்.

வாசலுக்கு வந்துவிட்டார். வீட்டுத் தலைவர் கையை நீட்டிச் சுரூபத்தை வாங்க வேண்டும். அப்பா கையை நீட்டவில்லை. மாதாவையும் பார்க்கவில்லை. ஸ்டீவன் அண்ணனின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டு மெல்லத் தேய்ந்து நின்றுபோனது.

"பிடிங்க அங்கிள்" என்றார் ஸ்டீவன் அண்ணன். "வெயிட்டா இருக்குலா."

அப்பா வாங்கிக்கொண்டார். வாங்கும்போது ஸ்டீவன் அண்ணன் குனிந்து சொன்னது மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. நான் நடுவில் பூத்தட்டோடு நின்றதால் எனக்குக் கேட்டது.

"தம்பி எப்படி இருக்கான் அங்கிள்? கிறிஸ்மஸுக்கு வந்தான்னா என்னைய வந்து பாக்கச் சொல்லுங்க. பயப்பட வேணாம்னு சொல்லுங்க. நான் ஒன்னும் மனசுல வச்சிக்கல."

அப்பா சுரூபத்தை மார்போடு பிடித்தபடி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அழ ஆரம்பித்தார். பெரியவர்கள் ஜெபத்தின்போது கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இது அதுவல்ல. வாய் திறந்து, சத்தம் வந்து, மூக்கு ஒழுகிய அழுகை. சீனப் பாட்டி ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று பார்த்தார். மேல்மாடிப் பிள்ளைகள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த எதிரிகள் முன்னால், அதுவும் ஜெசிந்தா முன்னால், என் அப்பா இப்படித் தரையில் உட்கார்ந்து அழ வேண்டுமா? பூத்தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"சாம்பிராணிப் புகை அவருக்கு ஒத்துக்காது" என்று அம்மா எல்லாருக்கும் அறிவித்தார். சாம்பிராணி அப்போது இன்னும் பற்றவைக்கப்படவே இல்லை.

எதிர் வீட்டு அங்கிள்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். என் அப்பாவின் கையிடுக்கில் கை கொடுத்துத் தூக்கினார். "எந்திரிடா. ஜனங்க நிக்கிறாங்க" என்றார். உள்ளே போய்ப் பீடத்தில் சுரூபத்தை வைத்ததும் வீட்டுத் தலைவர் ஜெபமாலையின் முதல் பகுதியான முதல் மறையுண்மையைத் தொடங்க வேண்டும். அப்பா இன்னும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த அங்கிளே தொடங்கினார். எங்கள் வீட்டில், எங்கள் பீடத்துக்கு முன்னால், ஜெபமாலை முழுவதையும் அவரே சொல்லி முடித்தார்.

எல்லாரும் மன்னித்துவிட்டார்கள் என்று சொன்னால் பொய். எதிர் வீட்டு ஆன்ட்டி மூலையில் நின்று ஜெபித்தார். அம்மா நீட்டிய தட்டை வாங்கிக்கொண்டார், கடைசிவரை கையில் வைத்திருந்தார், ஒரு வாய் எடுக்கவில்லை. போகும்போது அப்படியே ஜெசிந்தாவிடம் கொடுத்துவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கால் புண்ணைத் தினமும் கழுவிக் கட்டியவர் அவர்.

எல்லாரும் போன பிறகு அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று, "அப்பா ஏம்மா அழுதாரு?" என்று கேட்டேன்.

அம்மா குழாயை மூடவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. "மன்னிக்கிறதுன்னா சும்மாவா? மனசு வலிக்கும்ல" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவமானம் ஒரு நொடியில் பெருமையாக மாறியது. என் அப்பா எதிரிகளை மன்னித்திருக்கிறார். மன்னிப்பது அவ்வளவு பெரிய காரியம் என்பதால் அழுதிருக்கிறார். ஸ்டீவன் அண்ணன் காதில் சொன்னதையும் இதில் சேர்த்துப் பொருத்திக்கொண்டேன். தப்பு செய்தவர்கள் அப்படித்தானே சமாதானத்துக்கு வருவார்கள்.

அந்தச் சனிக்கிழமை அப்பா கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் நெடுநேரம் பாவசங்கீர்த்தனம் செய்தார். பிறகு எதிர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். போலீஸ் நிலையத்துக்கு மட்டும் போகவில்லை, இன்றுவரை போகவில்லை. ஸ்டீவன் அண்ணனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்பது அப்பா சொல்லும் காரணம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவர் வேண்டாம் என்றது எங்களுக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் தலை குனிகிறது. அவர் இன்று ஒரு சின்னக் கைப்பேசிக் கடையில் உட்கார்ந்து பழுது பார்க்கிறார். என் அண்ணன் எந்தக் கிறிஸ்மஸுக்கும் அவரைப் போய்ப் பார்க்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது ஞாயிற்றுக்கிழமை நடந்ததை.

பூசை முடிந்து மறைக்கல்வி வகுப்பு. பகைவரை நேசிப்பது பற்றித்தான் அன்று பாடம். எங்கள் டீச்சர் நல்லவர். பிள்ளைகள் பாடத்தை வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவார். "உங்க வீட்டுல யாராவது எதிரிய மன்னிச்சிருக்காங்களா? சொல்லுங்க பார்ப்போம்" என்றார். வகுப்பில் ஒருவரும் கையைத் தூக்கவில்லை. பத்து வயதில் யாருக்கு எதிரி இருக்கப்போகிறான்? எனக்கு இருந்தான். கையைத் தூக்கினேன்.

எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் எதிர் வீட்டு அண்ணன் என் அண்ணனை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய் மோதியதை. அதனால் என் அண்ணன் ஊரைவிட்டே போக நேர்ந்ததை. இருந்தும் நாங்கள் அவர்களுக்காக நாள் தவறாமல் ஜெபித்ததை. அவர்கள் மாதாவோடு எங்கள் வாசலில் வந்து நின்றபோது அப்பா அழுதுகொண்டே அவர்களை மன்னித்து உள்ளே விட்டதை. கேசரியைக்கூட விட்டுவிடவில்லை. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எதிர் வீடு என்றால் யார் வீடு என்று அவருக்குத் தெரியும். ஜன்னலோர பெஞ்சில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள்.

"அப்படியா ஜெசிந்தா? இவங்க உங்கள மன்னிச்சாங்களா?" என்று டீச்சர் அன்போடு கேட்டார்.

ஜெசிந்தா எழுந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். யார் ஓட்டியது, யார் பொய் சொன்னது, யார் தலையை ஆட்டியது, எல்லாம் அந்த வீட்டில் அவள் காதுபடச் சொல்லி அழுதவை. அவள் அண்ணன் அரிசி மூட்டையோடு தடுமாறியதை ஒரு வாரம் பக்கத்திலிருந்து பார்த்தவள். வாயைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், அந்த வகுப்பில் நான் மறுபடி தலை நிமிர்ந்திருக்க முடியாது. அவள் டீச்சரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா டீச்சர்" என்றாள்.

எல்லாரும் கைதட்டினார்கள். டீச்சர் எனக்குத் திரு இருதயப் படம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டு என் இடத்துக்குப் போகும்போது ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் சிவந்து, தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். பாவம், அவள் அண்ணன் செய்ததை நினைத்து வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் போய், இனிமேல் என்னோடு உட்காரலாம் என்று அவளுக்கு அனுமதி கொடுத்தேன்.